போதும் என்றால் கேட்காத கலம்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா?

போன மாதம் இங்கே தோஹாவில் என் மார்பிலிருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம். நன்றாக இருக்கிறேன்.

உடம்பை ஆக்கியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கலங்கள் தேவைக்குப் பிரிந்து, போதுமானதும் நின்றுவிடுமாம். பழுதான கலம் மட்டும் நிற்காமல் பெருகுமாம். டொக்டர் சொல்லும்போதே, அக்குறணைக் கல்யாண வீட்டில் நாங்கள் ஆறு பேர் சுற்றியிருக்கும் ஸஹன் தட்டில் சோறு போடும் ஸாகி மாமாதான் ஞாபகம் வந்தார். "போதும் மாமா" என்றால், "சும்மா இரி புள்ள, இன்னம் ரெண்டு அகப்ப!" என்பார்.

நீங்கள் தலையில் போடும் பழைய முட்டாக்கு ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள்; உங்கள் வாசம் வேண்டும்.

உங்களுக்கும் மார்பில் கட்டியாம், ஓதிய எண்ணெய் பூசுகிறீர்களாம்; தங்கச்சி மஸாஹிரா சொல்லி அழுதாள். ஓதுங்கள் உம்மா. அதோடு இந்தக் கிழமையே கண்டி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நான் உங்களிடம் ஒரு மாதம் மறைத்துவிட்டேன். நீங்கள் மறைக்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

மகள்
பஸ்லினா