விக்கல் இல்லாத கோபம்

துப்பறியும் சிங்கமே,

சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சுடவைத்துக் குடியுங்கள். மதியம் உங்கள் அக்கா வருகிறார்.

"இந்தக் கிழவி எப்பத்தான் கிளம்புமோ" என்று அத்தையை நான் திட்டுவதாகக் குடும்பக் குரூப்பில் வந்ததே, அந்த ஆடியோவை நேற்று முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தீர்கள். இன்று ஒலிப்பதிவு ஸ்டுடியோ நண்பரிடம் வேறு கொடுத்துச் சோதிக்கப் போகிறீர்களாம். ரயில் நிலைய ஒலிபெருக்கியில் தினமும் அறிவிக்கிறவள் நான்; என் குரலை எவன் வேண்டுமானாலும் எடுத்து வெட்டி ஒட்டுவான். அதைப் பொய்யென்று நிரூபிப்பது என் வேலை இல்லை. செய்யவும் மாட்டேன்.

கோபம் வந்தால் எனக்கு விக்கல் வரும். கல்யாண மேடையிலேயே அதைப் பார்த்துச் சிரித்தவர் நீங்கள். அந்த ஆடியோவில் ஒரு விக்கலாவது கேட்டதா?

அக்கா அந்தப் பேச்சை எடுத்தால், "என் பொண்டாட்டி குரல் எனக்குத் தெரியாதா" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வாய் வராவிட்டால் பரவாயில்லை. சாயங்காலம் நான் வந்து சொல்கிறேன், விக்கலோடு.

பி.கு.: அத்தைக்கு மாத்திரை கொடுத்தாயிற்று. நீங்கள் குறட்டை விட்டபோது அவருக்கு அந்த ஆடியோவைப் போட்டுக் காட்டினேன். "இது நீ இல்லடி, விக்கலையே காணோமே!" என்று சிரித்துவிட்டு டீ கேட்டார். திட்டு வாங்கியவருக்கே ஒரு தடவை போதுமாக இருந்தது. உங்களுக்கு இன்னும் எத்தனை தடவை?