மச்சம் எந்தப் பக்கம்

ஜூலை 11, திங்கள்

காலையிலிருந்து காற்று. திருத்தங்கல் தாண்டும் வரை பஸ்ஸில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இந்த டைரியில் ஜூலை மாதம் மட்டும் தலைகீழாக பைண்ட் ஆகிவிட்டது. அதனால்தான் எனக்கு வந்தது. முப்பது வருஷம் பிரஸ்ஸில் வேலை பார்த்தவனுக்கு நல்ல டைரி எந்தக் காலத்தில் கிடைத்தது?

வாங்க வேண்டியவை: வீட்டுக்காரி ராஜாத்தியின் முட்டிக்குத் தைலம். ரிமோட்டுக்கு பேட்டரி. பச்சரிசி (மூன்று முறை சொல்லிவிட்டாள்).

நேற்று கேபிளில் ஒரு பழைய அமெரிக்கப் படம், கறுப்பு வெள்ளை, பாதியிலிருந்து. தொப்பிக்காரர் தீக்குச்சியைப் பூட்ஸின் அடியில் உரசுகிறார், பற்றிக்கொள்கிறது. இன்று காலை சோதனை: நம் குச்சி, என் செருப்பு. ஏழு குச்சி வீண், செருப்பில் கோடு. ராஜாத்தி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நல்ல சோலி பாக்கீக. குச்சிக்கும் செருப்புக்கும் என்ன தகராறு?"

நம் குச்சிக்குப் பெட்டிப் பக்கத்துப் பூச்சு வேண்டும். அவர்கள் மருந்து வேறாக இருக்க வேண்டும். சாத்தூர் தீப்பெட்டி ஆபீஸில் யாரிடமாவது கேட்க வேண்டும். இன்னொன்று: அந்தப் படங்களில் யாரும் போனை வைக்கும்போது 'வச்சிர்றேன்' என்று சொல்வதில்லை. டக்கென்று வைத்துவிடுகிறார்கள். எதிரில் பேசியவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

மதியம் சின்ன முதலாளி ஒரு பழைய லேபிளைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் செக்‌ஷன் செல்வி மேஜையில் போட்டார். இந்த சீசனுக்கு மறுபடி அடிக்க வேண்டுமாம். கம்பி மத்தாப்புப் பெட்டி லேபிள். தோளில் கோட் போட்ட வெள்ளைக்காரப் பெண், வலது கன்னத்தில் மச்சம்.

அவள்தான். காஜாவின் கடைச் சுவரில் இருப்பவள். எந்தப் படத்தில் வந்தவள், பெயர் என்ன என்று காஜாவும் நானும் வயதைச் செலவழித்துத் தேடியவள். காஜாவிடம் பேசி ஏழு வருஷம் ஆகிறது. அதுவும் அவளால்தான்.

ஜூலை 13, புதன்

வெயில். பச்சரிசி மறந்துவிட்டேன். பேச்சு வாங்கினேன்.

முதலில் காஜாவைப் பற்றி எழுதிவிடுகிறேன். (இனி கா.) விருதுநகர் பஜாரில் பருப்பு, மல்லி, வத்தல் வியாபாரம். பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகம். ஞாயிறு காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம் போடுவார்கள், ஒன்றுவிடாமல் போவோம். வசனம் புரியாது. வெளியே வந்து ஆளுக்கொரு கதை சொல்வோம், இரண்டும் தப்பாக இருக்கும். ஒரு தீபாவளிக்கு வாங்கிய மத்தாப்புப் பெட்டியிலிருந்து அவளைக் கிழித்துக் கடையில் ஒட்டினான். "இவ எந்தப் படம்லே?" அன்று ஆரம்பித்தது. நான் ஒரு நோட்டே போட்டேன். படத்தின் கதை, நடிகை, மச்சம் உண்டா, எந்தப் பக்கம். அமெரிக்கா, ஜப்பான், ஹாங்காங், எதையும் விடவில்லை. ஜப்பான் படத்தில் வெள்ளைக்காரி எப்படி வருவாள் என்று ராஜாத்தி கேட்டாள். வந்தால்? 

தொண்ணூற்றெட்டில் கா. ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்தான். சிங்கப்பூரிலிருந்து மச்சினன் அனுப்பியது. எங்கள் வீட்டில் போட்டோம். முக்கால் மணி நேரத்தில் ஒரு ஹோட்டல் வாசலில் ஒரு பெண். "இவதாம்லே" என்றான். மச்சம் இடது கன்னத்தில். நான் படத்தை நிறுத்தினேன். இல்லை என்றேன். அவன் விடவில்லை. அவன் மனைவி மெகரும் ராஜாத்தியும் இருக்கும்போதே சொன்னேன்: "பருப்புல கல்லு பொறுக்குற கண்ணு வேற, படம் பாக்குற கண்ணு வேறலே."

கேசட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நோட்டில் அன்றே எழுதினேன்: மச்சம் இடது. இல்லை.

இன்று நடந்தது. செல்வி லேபிளை ஸ்கேன் செய்து பெரிதாக்கி அழுக்குப் புள்ளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், இவங்களுக்குப் பின்னால கண்ணாடிக் கதவுல என்னமோ எழுதியிருக்கு. இது என்ன பாஷை?"

லேபிளில் அது கடுகளவு கூடக் கிடையாது. திரையில் விரல் அகலம். பார்த்தேன். இங்கிலீஷ்தான். ஹோட்டல் என்ற வார்த்தை, வலமிருந்து இடமாக, எல் எழுத்து எதிர்த்திசையில் காலை நீட்டிக்கொண்டு.

"திருப்பிப் பாக்கவா சார்?" என்றாள். ஒரு க்ளிக். எழுத்து நேரானது. மச்சம் இடது கன்னத்துக்குப் போனது.

"சார், என்னாச்சு? தண்ணி கொண்டாரவா?"

ஜூலை 16, சனி

இரண்டு நாள் எழுதவில்லை. எழுதப் பிடிக்கவில்லை.

பெரிய முதலாளி இருந்த காலத்தில் ஒரு சட்டம். லேபிளில் இருக்கும் முகம் பெட்டிக்கு உள்ளே பார்க்க வேண்டும், கம்பெனி பெயரைப் பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் லட்சுமி வெளியே போய்விடுவாள். வெளியே பார்க்கும் படம் வந்தால் பிலிமைத் திருப்பிப் போட்டுவிடுவோம். இடது வலதாகும். குழந்தை, கிளி, மயில், நடிகை, எல்லாவற்றையும் திருப்பியிருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்கு நானே சொல்லியும் கொடுத்திருக்கிறேன். சட்டம் மறக்கவில்லை. அது இவளுக்கும் உண்டு என்று ஒருநாளும் தோன்றவில்லை. மற்றதெல்லாம் எனக்கு ஜாப், இவள் சினிமா.

இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு பிரஸ்ஸிலேயே இருந்தேன். பழைய ஜாப் கவர்களை (ஒவ்வொரு வேலையின் பிலிமும் உள்ளே) கோடவுனில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தூசி, கரப்பான், இரண்டு மணி நேரம். கிடைத்தது. எழுபத்தாறாம் வருஷம். நெகடிவ் அப்படியே இருக்கிறது. கவரின் மேல் பென்சிலில்: 'முகம் உள்ளே. திருப்பியது.' கீழே இனிஷியல்.

என் இனிஷியல்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். நெகடிவ்வில் முகம் கறுப்பு, கூந்தல் வெள்ளை, மச்சம் ஒரு வெள்ளைப் புள்ளி. தூசியென்று நினைத்து அதை மை வைத்து அடைக்காமல் விட்டேனே, அதுவே பெரிது.

நோட்டைப் புரட்டினேன். 'மச்சம் இடது. இல்லை' என்று ஒரே ஒரு படம்தான். அவன் கொண்டுவந்தது.

ஜூலை 17, ஞாயிறு

ஆடி ஒன்று. பாயசம். காற்று ஓயவில்லை, கொடியில் காயப்போட்ட லுங்கி பக்கத்து மாடியில்.

மதியம் ஜப்பான் படம், கீழே இங்கிலீஷ் எழுத்தோடு. இந்தப் படங்களில் கேமராவும் நம்மைப் போல் தரையில் உட்கார்ந்துகொள்கிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு. அவளுக்கு விருப்பமா இல்லையா என்று முக்கால் படம் வரை யாரும் கேட்கவில்லை. அமெரிக்கப் படத்தில் மனதில் இருப்பதை உடனே சொல்லிவிடுகிறார்கள், பிறகு அதற்காகக் கதவைச் சாத்துகிறார்கள். ஜப்பான் படத்தில் சொல்லாமலே இருந்து, கடைசியில் விசிறியை மடக்கி வைக்கிறார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆற்றங்கரையில் வாணவேடிக்கை வந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக. தப்பு. நாரணாபுரம் பக்கம் பட்டாசு ஆபீஸில் ஏதாவது வெடித்தால் பிரஸ் மாடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளிச்சம் முதலில், சத்தம் எண்ணி எண்ணித்தான் வரும். ஜப்பான்காரர்களுக்கு இது தெரியாதா, தெரிந்தும் விட்டார்களா?

பிறகு ஒரு சோதனை. டி.வி.க்கு எதிரில் பீரோக் கண்ணாடி இருக்கிறது. முதுகைக் காட்டி உட்கார்ந்து அதில் படம் பார்த்தேன். வலது பக்கம் போனவர்கள் இடது பக்கம் போனார்கள். கதை மாறவில்லை. முகங்கள்தான் யாரோ போல் ஆகிவிட்டன. ராஜாத்தியையும் அதில் பார்த்தேன். முப்பது வருஷம் பார்த்த முகம், கொஞ்சம் கோணலாக, புதிதாக. முந்தானை வலது தோளில்.

"எதுக்கு இப்பிடிப் பாக்கீக?"

சொன்னேன். லேபிள், கவர், இனிஷியல், எல்லாம். பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப காஜாண்ணே சொன்னதுதான் சரியா?"

"ஆமா."

"என்கிட்ட சொல்லி என்ன செய்ய? அங்கன போய்ச் சொல்லுங்க. வர்ற வெள்ளிக்கிளமை புதுக் கடைக்குப் போறாகளாம். பழைய கட்டடத்த இடிக்கப்போறாகளாம். மார்க்கெட்ல மெகர் சொன்னா."

சுவரை இடித்தால் அவளும் போவாள். ஒட்டியது பசையில் அல்ல, சோற்றில். பிய்த்தால் கிழியும்.

ஜூலை 19, செவ்வாய்

கவரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஜாருக்குப் போனேன். எதிர்க் கடையில் டீ. ஒரு டீ, இன்னொரு டீ. கா. உள்ளே கணக்குப்பிள்ளையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். தலை முழுக்க வெளுத்துவிட்டது. இடது கையால் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறான், கண்ணாடி எப்போது போட்டான் என்று தெரியாது.

என்ன சொல்வது? 'நீ சொன்னது சரி' என்றால் ஏழு வருஷம் கழித்துத் தெரிந்ததா என்பான். 'பிரஸ்ஸில் தப்பு' என்றால் அது பாதி உண்மை. திரும்பி வந்துவிட்டேன். அமெரிக்கப் படமாக இருந்தால் மழையில் நனைந்துகொண்டு போய்ச் சொல்லியிருப்பேன். விருதுநகரில் மழைக்கு எங்கே போக?

பேட்டரி வாங்கினேன். சைஸ் தப்பு.

ஜூலை 21, வியாழன்

போய்விட்டேன். டீ குடிக்கவில்லை, நேராக.

கடையில் பாதி காலி. மூட்டைகள் வாசலில். கா. தன் இடத்தில், தலைக்கு மேல் அவள். நான் எப்போதும் உட்காரும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தான்.

"சாப்பிட்டியா?" என்றான். ஏழு வருஷத்துக்குப் பிறகு.

கவரைக் கல்லாப் பெட்டி மேல் வைத்தேன். படித்தான். நெகடிவ்வை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"இது உன் கையெளுத்துல்ல?"

"ஆமா. நாந்தான் திருப்பிப் போட்டேன். நீ சொன்ன படந்தான். நீ சொன்ன பொம்பளதான். அன்னிக்கு நான் பேசுனது தப்புலே."

கணக்குப்பிள்ளை இருந்தார், பரவாயில்லை. அன்றைக்கும் ஆள் இருக்கும்போதுதானே பேசினேன்.

கா. வெகுநேரம் நெகடிவ்வையே பார்த்தான். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தான். சட்டென்று சிரித்தான்.

"ஏலே, எந்திரி. இங்கன வந்து உக்காரு."

"எங்க?"

"என் எடத்துலதாம்லே. வா."

அவன் திண்டில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அங்கே உட்கார்ந்ததில்லை. எதிரே, பெஞ்சுக்கு மேலே, ஆளுயரக் கண்ணாடி. ஏதோ எண்ணெய்க் கம்பெனி கொடுத்தது. பெஞ்சில் உட்காருகிறவனுக்கு அது முதுகுப் பக்கம். இங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் என் முகம், அதற்கு மேல் அவள். மச்சம் இடது கன்னத்தில்.

"நீ சொவத்தப் பாத்துக்கிட்டிருந்த. நான் கண்ணாடியப் பாத்துக்கிட்டிருந்தேன்," என்றான். "அதான் படத்துல வந்ததும் எனக்குத் தெரிஞ்சிருச்சு. எப்பிடித் தெரிஞ்சுதுன்னு இப்பத்தாம்லே எனக்கே தெரியுது."

எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரே பெண்ணைப் பார்த்திருக்கிறோம்.

கேசட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம்.

"மிச்சப் படம் எப்பிடி முடியுது?"

"யாருக்குத் தெரியும்? நீ நிறுத்துன எடத்துலயே நிக்குது. ரீவைண்டு கூடப் பண்ணல."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்று சொல்லிவிட்டு வந்தேன். பச்சரிசியும் வாங்கினேன்.

ஜூலை 22, வெள்ளி

கடை மாறியாகிவிட்டது. லேபிளைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து எடுத்தானாம், ஒரு ஓரம் மட்டும் போயிற்று. கண்ணாடியும் புதுக் கடையில். எதை எங்கே மாட்டுவது என்று போனில் கேட்டான். எதிரெதிரே என்றேன். வைக்கும்போது நான் 'வச்சிர்றேன்' என்றேன், அவனும் 'வச்சிர்றேன்' என்றான், பிறகு இருவருமே வைக்கவில்லை.

செல்வி கேட்டாள், லேபிளைத் திருப்பியா, திருப்பாமலா? திருப்பி என்றேன், மச்சம் முதலில் இருந்த இடது பக்கத்துக்கே போகட்டும். சின்ன முதலாளிக்குச் சட்டம் தெரியாது. வெளியே பார்க்கட்டும். லட்சுமி போகிற மாதிரி இருந்தால் நான் பொறுப்பு.

ஜூலை 24, ஞாயிறு

லேசாக மேகம். மாடியிலிருந்து வி.சி.ஆரை இறக்கி, பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டால் ஹெட்டைத் துடைத்தேன். முதலில் திரையெல்லாம் வெறும் புள்ளி. பிறகு படம்.

கா.வும் மெகரும் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். "வாங்கண்ணே, இப்பத்தான் வளி தெரிஞ்சுதாக்கும்?" என்று ராஜாத்தி. அவன் சிரித்துச் சமாளித்தான். பிறகு பெண்கள் இருவரும் சமையலறையில்.

கேசட் அதே ஹோட்டல் வாசலில் ஆரம்பித்தது. கண்ணாடிக் கதவு. அவள். மச்சம் இடது. என்னைப் பார்க்கவில்லை, வெளியே எங்கோ பார்க்கிறாள். நடந்து படி இறங்குகிறாள். உள்ளிருந்து ஒருவர் ஓடிவந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அன்று நான் நிறுத்திய இடத்திலிருந்து அரை நிமிடம் கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து சமையலறையில் மிக்ஸி.

"ஏலே, பேரு," என்றான் கா. "ரீவைண்டு பண்ணு, ரீவைண்டு பண்ணு."

ரிமோட் என் கையில்தான் இருந்தது. பேட்டரியும் சரியான சைஸ். அவள் திரும்பி, அந்த ஆளைப் பார்த்து, மறுபடி படியேறிக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்லே," என்றேன். "ஓடட்டும்."