பூ கேட்டு வளர்ந்த குழுமம்

3.11.2025
ஏழாம் தறி மறுபடி படுத்துவிட்டது. எண்ணெய்க் கையோடு நிற்கும்போது காளிதாஸ் அண்ணன் போன் செய்தான். இந்தத் தறிப்பட்டறையை இடித்துவிட்டு ஆஸ்பத்திரி கட்டப் போகிறானாம். நூல் மில், கோழிப்பண்ணை, போர்வெல் போடும் ரிக் லாரி, பொறியியல் கல்லூரி எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. கோழிக்கும் மாணவனுக்கும் தீவனம் போட்டாயிற்று, இனி நோயாளிதான் பாக்கி.

குடும்பம் துண்டு நெய்து பிழைக்க ஆரம்பித்தது இங்கேதான். பதினோரு வருடமாக நடத்துவது நான். இது போனால் நான் யார்? ஃபேர்லேண்ட்ஸ் ஏரியாவில் இருக்கும் எங்கள் பெரிய வீட்டில் விருந்தாளிக்கு டீ கொடுக்கும் தங்கச்சி.

6.11.2025
அப்பா வழக்கம்போலச் சாமியிடம் பூ கேட்டுவிடலாம் என்றார். எங்கள் குழுமத்துக்குப் போர்டு மீட்டிங் குலதெய்வம் கோயிலில்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. குழந்தை எடுப்பது வெள்ளையானால் தொழில் தொடங்கலாம். இதுவரை சிவப்பு வந்ததே இல்லை. பொட்டலம் கட்டுவது எப்போதும் அம்மா. இந்தத் தடவை நான் கட்ட வேண்டுமாம். ஏன்?

13.11.2025
அம்மா சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள்: "ரெண்டுலயும் வெள்ளையவே வெய்யி நர்மதா. நான் அப்படித்தான் வெச்சேன். உங்கப்பாவுக்குத் துணிச்சல் பத்தாது சாமி."

அப்போ கோழி, ரிக், காலேஜ் — எல்லாம் அம்மாவா? சாமி ஒரு தடவைகூட வாயைத் திறக்கலையா?

14.11.2025
இரண்டிலும் சிவப்பு வைத்தேன்.

15.11.2025
நேற்று அண்ணன் மகள் மதுமதிதான் எடுத்தாள். பிரித்ததும் அண்ணன் முகம் சுருங்கிப்போனது. எனக்குப் பயம், வெட்கம், சந்தோஷம் மூன்றும் ஒன்றாக வந்தன.

திரும்பும்போது என் காரில் அப்பா மட்டும். திருச்செங்கோடு தாண்டியதும் சொன்னார்:

"உங்கொம்மா கட்டுனா வெள்ளைதான் வரும்னு எனக்கு எப்பவோ தெரியும். பையன்கிட்ட வேண்டாம்னு சொல்ல வாய் வரலை. அதுக்குத்தான் உன்னையக் கட்டச் சொன்னேன்."

அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இந்தக் குடும்பத்தில் சாமியை ஏமாற்றாத ஆள் மதுமதி ஒருத்திதான், அவளுக்கும் ஐந்து வயதுதான் ஆகிறது.

18.11.2025
ஏழாம் தறி ஓடுகிறது. அண்ணன் பேசவில்லை.

10.12.2025
அண்ணன் ஆஸ்பத்திரிக்கு நாமக்கல் ரோட்டில் வேறு இடம் பார்த்துவிட்டான். அப்பா பட்டறைக்கே வந்து, வெள்ளிக்கிழமை பூ கேட்கப் போவதாகவும் நான்தான் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

"என்ன பூ வெக்கட்டுங்கப்பா?"

"அதையெல்லாம் எங்கிட்டக் கேக்காத சாமி."

அவர் போனதும் அண்ணனுக்குப் போன் செய்து, இடத்தின் பத்திரத்தையும் மண் பரிசோதனை அறிக்கையையும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னேன்.