இவ்வளவு தூரம் வந்தாச்சு

என் அன்பு பாஹிம் நானாவுக்கு,

உங்கள் தங்கச்சியின் ஸலாம். ஆண்கள் உங்கள் கபுறடிக்குப் போகிறார்கள், துஆ கேட்கிறார்கள், வருகிறார்கள். பெண் என்பதால் எனக்கு, நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடியின் மதில் வரைக்கும்தான். காலையில் புத்தளத்துக்கு வேலைக்குப் போகும் பஸ் அந்த மதிலை ஒட்டித்தான் போகிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் எட்டிப் பார்ப்பேன். நின்றுகொண்டு போகும் நாட்களில் அதுவும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம் வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வீட்டுக் கதை. உம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. மச்சி, உங்கள் விதவையாக வீட்டுக்குள் இருந்த இத்தா முடிந்து, வெளியே வந்துவிட்டார், ஆனால் கடற்கரைப் பக்கம் போவதில்லை. மீன் வாங்குவதென்றால்கூட உம்மாதான் போகிறார். உங்கள் மகள் மர்யத்துக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நான் இன்னும் அதே பாமசியில்தான் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன்.

குறிஞ்சிப்பிட்டி அப்படியே இருக்கிறது. கழுதைகள் றோட்டை மறித்து நிற்கின்றன, கொழும்பு வேன்கள் ஹோன் அடிக்கின்றன, கழுதைகள் அசைவதில்லை. டொல்பின் சீசன் தொடங்கிவிட்டது. நீங்கள் படகோட்டிய விடுதியில் புதிதாக ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போவதா இல்லையா என்ற இறுதி முடிவு படகோட்டியைச் சார்ந்தது என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. தமிழில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. உயிரோடு இருந்தபோது உங்களுக்கு இல்லாத அதிகாரத்தை நீங்கள் செத்த பிறகு பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த டிசம்பர் லீவில் நாங்கள் ஒரு பயணம் போனோம், நானா. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மர்யம்தான் தொடங்கினாள். வாப்பா கூட்டிப்போவதாகச் சொன்ன இடத்துக்குப் போக வேண்டும் என்றாள். நுவரெலியாக் குளிரில் வாயைத் திறந்தால் புகை வரும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையச் சிம்னியைக் காட்டி, அந்த மாதிரியா என்று அவள் கேட்டாளாம். இல்லை, இது நல்ல புகை, மணக்காது என்றீர்களாம். நீங்கள் சொன்ன எதையும் அவள் மறக்கவில்லை.

வீட்டில் பெரிய கூட்டம் போட்டோம். உம்மா மன்னார் என்றார்: சாச்சி வீடு இருக்கிறது, தங்கச் செலவில்லை. நான் திருகோணமலை என்றேன். மச்சி, "கடல் தெரியாத இடமா இருந்தா எங்கயும் வாறன்" என்றார். அத்தோடு பாதி நாடு போய்விட்டது. அனுராதபுரத்தை மர்யம் தள்ளினாள், அங்கே புகை வராதாம். கடைசியில் நுவரெலியாதான் நின்றது.

நான் போனை எடுத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். உள்ளூர்ப் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள். தூரத்தைப் பாருங்கள், காலநிலையைப் பாருங்கள், இரண்டும் பொருந்தி வரும் மாதத்தைத் தெரிவு செய்யுங்கள். யாருக்குச் சொல்கிறார்கள், நானா? ஏப்ரலில் மலைநாடு அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் அப்போது அங்கே அறை எடுக்கிற ஆட்கள் வேறு. எங்களுக்குப் பள்ளிக்கூட லீவு இருக்க வேண்டும், பாமசி முதலாளியின் மனம் இளக வேண்டும். அவர் டிசம்பரில் மூன்று நாள் தந்தார். அந்த மூன்று நாளில் மலையில் மழை என்று போன் காட்டியது. மழையைத் தள்ளிவைக்கச் சொல்ல யாரிடம் போவது? மண் சரியும் என்று வானொலி சொன்ன இடங்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே நாங்கள் சுவெட்டர் தேடினோம்.

புத்தளத்திலிருந்து ஒரு வேன் பிடித்தோம். ஓட்டுபவர் நிமல் அய்யா, சிலாபத்துக்காரர், நம்மைவிட நன்றாகத் தமிழ் கதைப்பார். என்னை மட்டும் சிங்களத்தில் நங்கி, தங்கச்சி, என்று கூப்பிட்டார். வேன் அவருடையதில்லை, வேறொரு முதலாளியுடையது. சுபஹு தொழுதுவிட்டுக் கிளம்பினோம். நிக்கவெரட்டியவில் சாப்பிட்டோம். குருணாகலில் மர்யம் தலைசுற்றிச் சத்தி எடுத்தாள். கண்டி தாண்டும்போது மழை பிடித்தது. கம்பளைக்கு மேலே ஏறத் தொடங்கியதும் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் இல்லை, தண்ணீர்தான்.

மர்யம் மட்டும் சந்தோஷமாக இருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் வாயைத் திறந்து ஊதிப் பார்த்தாள்.

ஓரிடத்தில் மேட்டிலிருந்து சிவப்புத் தண்ணீர் றோட்டுக்குக் குறுக்காக ஓடியது. நிமல் அய்யா வேனை ஓரம் கட்டினார். மேலிருந்து இறங்கி வந்த மரக்கறி லொறிக்காரர் கண்ணாடியை இறக்கிச் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மேலே கல் உருள்கிறதாம். பாதையை மூடவில்லை, பொலிசும் இல்லை, வாகனங்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நிமல் அய்யா இதைச் சொல்லிவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்போது உம்மா சொன்னார்: "இவ்வளவு தூரம் வந்தாச்சு. இனித் திரும்பிப் போறதா?"

நிமல் அய்யா உடனே கியரைப் போட்டார். "நீங்க சொன்னாப் போவோம் அம்மா" என்றார்.

அந்த இரண்டு பேச்சையும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும், நானா. உங்கள் மய்யத்து வீட்டில், அதே விடுதிக்குப் படகோட்டிய ரமீஸ் நானா சுவரில் சாய்ந்துகொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் அந்த இரண்டையும்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அது வெசாக் லீவு. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று தொடங்கி, வெளிக்கடல் நுரைத்து வெள்ளையாகக் கிடந்தது. அந்தக் கடலுக்கு யாரும் ஆள் ஏற்றுவதில்லை. ஆனால் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்து விடுதியில் நின்றது. மனேஜர் முதலில் ரமீஸ் நானாவைக் கேட்டார். அவர் ஏலாது என்றார். பிறகு உங்களைக் கேட்டார். கடலைப் பார்த்துவிட்டு நீங்களும் தயங்கினீர்களாம். அந்தக் குடும்பத்துப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்தாச்சே என்றாராம். மனேஜர் உங்கள் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொன்னாப் போவோம் சேர்" என்றீர்கள்.

சொன்ன கணக்குக்கு மேல் ஓர் ஆள் ஏறினார். உயிர்காப்பு அங்கி ஒன்று குறைந்தது. உங்களுடையதைக் கழற்றிக் கொடுத்தீர்கள். திரும்பி வரும்போது கடலுக்குள் கிடக்கும் கற்பாருக்குப் பக்கத்தில் அலை படகைப் பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்தது. அங்கி போட்டவர்கள் எல்லோரும் மிதந்தார்கள். நீங்கள் மறுநாள் கண்டக்குழிப் பக்கம் கரை ஒதுங்கினீர்கள். படகோட்டியின் கவனக்குறைவு என்று செய்தி வந்தது. கடல் தெரிந்தவன் இந்தக் கடலில் போகலாமா என்று ஊரும் கேட்டது. கடல் தெரிந்ததால் என்ன பிரயோசனம்? ஏலாது என்று சொன்ன ரமீஸ் நானாவை அன்றைக்குப் பிறகு விடுதி கூப்பிடவே இல்லை. போன வாரம் கண்டபோது சிரித்துக்கொண்டு சொன்னார்: "உசிர் இருக்கு தங்கச்சி. கோல்தான் இல்ல."

அதனால் அந்த வளைவில், மழைக்குள், நான் நிமல் அய்யாவிடம் கேட்டேன்: "நாங்க இல்லாம, நீங்க தனிய வந்திருந்தா மேல போவீங்களா?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். போட்ட கியரை மெதுவாக நியூட்ரலுக்கு இழுத்தார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. திருப்புங்கள் என்றேன்.

உம்மா ஏசத் தொடங்கினார். புள்ளையின் ஆசை, வேன் பிடித்த காசு, மௌத்தானவன் கொடுத்த வாக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்தார். நிமல் அய்யா அப்போதும் திருப்பவில்லை. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நங்கி, அப்ப முதலாளிக்கு நீங்களே கோல் எடுத்துச் சொல்லுங்க. நான் சொன்னா நான் பயந்ததா ஆகும்."

நான் கோல் எடுத்தேன். முதலாளிக்கு முதலில் விளங்கவில்லை. டிரைவர் ஏதும் பிரச்சினை பண்ணுகிறானா என்று கேட்டார். இல்லை, அவர் போகத் தயார், போக வேண்டாம் என்பது எங்கள் முடிவு என்றேன். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. போனை வைத்த பிறகுதான் நிமல் அய்யாவின் தோள் இறங்கியது. வேனைத் திருப்பினார்.

அன்றைக்கு உங்களுக்காக அந்தக் கோலை எடுக்க அந்தப் படகில் ஒருவர்கூட இல்லையா, நானா? அவர்களை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். இப்போதும் வருகிறது. ஆனால் அந்த வளைவில் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. அவர்களுக்கும் யாரோ மூன்று நாள்தான் லீவு கொடுத்திருப்பார்கள். அவர்களும் ஒரு பிள்ளைக்கு டொல்பின் காட்டுவதாகச் சொல்லி வைத்திருப்பார்கள். லீவைக் கொடுத்தவர்கள் யாரும் மழையில் நனைவதில்லை, கடலில் இறங்குவதில்லை. வந்த தூரத்தை எல்லோரும் கீழே கீழே தள்ளி, கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவன் தலையில் இறக்கி வைக்கிறோம். அவன் செத்தால் அவனுடைய முடிவு என்று பலகை எழுதுகிறோம்.

கம்பளையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். நிமல் அய்யா வேனிலேயே இருந்துகொண்டார், நான் ஒரு பிளேன்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். உம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலையேறும் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களைத் தாண்டிப் போயின. சிரிக்கிற முகங்கள், ஜன்னலில் பலூன்கள். "பாத்தியா?" என்றார் உம்மா. "எல்லாரும் போறாங்க."

அவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள், நானா. அன்றைக்கு அந்தப் பாதையில் ஒன்றும் நடக்கவில்லை. இதை மறைத்து எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. மறுநாள் வானொலியைக் கேட்டுவிட்டு உம்மா, "ஒண்டும் நடக்கல்ல, கேட்டியா?" என்றார்.

அப்போது உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்த மச்சி வாசலுக்கு வந்தார். நீங்கள் போன பிறகு அவர் உம்மாவுக்கு எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

"அண்டைக்கு அவர் ஏலாதுண்டு சொல்லிட்டு வீட்டுக்கு வந்திருந்தா, அண்டைக்கும் ஒண்டும் நடந்திருக்காது மாமி," என்றார். "வந்த உழைப்ப விட்டுட்டு வந்துட்டாருண்டு நாங்க ரெண்டு பேரும் ஏசியிருப்போம்."

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோறு குழையப்போகிறது, போய்ப் பார் என்றார்.

மர்யத்துக்குத்தான் ஒன்றும் சொல்லித் தேற்ற முடியவில்லை. கம்பளையிலிருந்து வீடு வரைக்கும் ஜன்னலோரம் வாயைத் திறந்து திறந்து ஊதிக்கொண்டே வந்தாள். நிக்கவெரட்டிய தாண்டியதும் புழுக்கம் தொடங்கியது. அதற்குப் பிறகும் ஊதினாள். பாலாவியில் திரும்பும்போது, வாப்பா சொன்னது பொய்யா என்று என்னிடம் கேட்டாள். பொய்யில்லை என்றேன். அப்படியானால் ஏன் திரும்பினோம் என்றாள். மழை என்றேன். மழை என்றால் ஏன் போனோம் என்றாள். பாமசி லீவைப் பற்றி ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

எல்லோரும் படிக்க எழுதுகிறேன் என்றேனே, காரணம் இதுதான். எங்கள் கற்பிட்டிக் கரைக்கு டொல்பின் பார்க்க வருகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். வாருங்கள், எங்கள் ஆட்களுக்கு அந்த உழைப்பு வேண்டும். ஆனால் கரையில் நின்று ஒரு படகோட்டி தயங்கினால், எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று அவரிடம் சொல்லாதீர்கள். விடுதிக்காரரிடம் போய், எங்களுக்குப் போக மனமில்லை என்று நீங்கள் சொல்லுங்கள். பயந்தவர் என்ற பெயர் உங்களுக்கு இருக்கட்டும். அதனால் உங்கள் வேலை போகாது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், நானா. மர்யத்தை மறுபடியும் கூட்டிப்போவேன். எப்போது லீவு கிடைக்கும், அப்போது மழையா வெயிலா, ஒன்றும் தெரியாது. நிமல் அய்யாவின் நம்பரை வைத்திருக்கிறேன். பாதி வழியில் அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால், அவர் கேட்பதற்கு முன்னால் நானே முதலாளிக்குக் கோல் எடுப்பேன். அதற்கு அடுத்த லீவிலும் போவோம். எத்தனை தரம் திரும்ப வேண்டியிருந்தாலும் திரும்புவோம். உங்கள் மகளின் வாயிலிருந்து புகை வரும் வரைக்கும் போவோம்.

அவளையும் கூட்டிக்கொண்டு, எல்லோரோடும் திரும்பி வீட்டுக்கு வருவேன்.

மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கும்,
உங்கள் தங்கச்சி ஸீனத்
குறிஞ்சிப்பிட்டி