மட்டக்குதிரை மென்ற தழை

பெர்த்ஷயர், ஸ்காட்லாந்து, செப்டம்பர் 1917

அன்புள்ள அம்மாவுக்கு, மொராக் எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் இருமல் தணிந்ததா? அப்பா மறுபடி படகில் போகிறாரா?

செவ்வாய்க்கிழமை சின்ன விஷயம் ஒன்று நடந்தது; பயப்படாதீர்கள். நான் வேலை செய்யும் இந்த மாளிகைத் தோட்டத்தில் யூ என்ற ஊசியிலை மரங்களாலான, இருநூறு வருஷத்து அடர்ந்த வேலி இருக்கிறது. 1745-இல் ராஜாவுக்கு எதிரான கலகத்தில் தோற்ற இந்த மாளிகைப் பிரபு, சிப்பாய்கள் தேடி வந்தபோது மூன்று நாள் அதற்குள் ஒளிந்திருந்தாராம். அதன் தழை கொடிய விஷம். நான் கத்தரித்த தழையை அள்ளப் போனபோது, "டீ குடிச்சிட்டு வந்து அள்ளிக்கலாம், வா பிள்ளே" என்றார் தலைமைத் தோட்டக்காரர் கெடெஸ்.

திரும்பி வந்தால், மாளிகைச் சீமாட்டியின் சின்ன மகள் ஏறியிருந்த மட்டக்குதிரை அதை மென்றுகொண்டிருந்தது. குழந்தையை இறக்கிவிட்டு, குதிரையின் வாய்க்குள் கையை விட்டுத் தழையைத் தோண்டி எடுத்தேன். விரலைக் கடித்தது, நான் விடவில்லை.

"எவ்வளவு முழுங்குச்சு?" கெடெஸ் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியலைங்க ஐயா."

ஒரு வாய் உள்ளே போனாலே நின்ற இடத்தில் விழுந்துவிடும். இரண்டு மணி நேரம் அதன் மார்பில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். விழவில்லை.

"யார் இதை இங்க போட்டது?" சீமாட்டி என்னைத்தான் கேட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

கெடெஸ் தொப்பியைக் கழற்றினார். "அள்ளப் போன பிள்ளையைத் தடுத்தது நான்தாங்கம்மா."

சீமாட்டி ரத்தம் ஒழுகும் என் விரலைப் பார்த்தார். பிறகு என்னிடம், "முதல்ல அந்தக் கையைக் கட்டு" என்றார்.

வேலை போகவில்லை. கட்டுப் போட்ட இடது கைக்குப் பெரிதாக ஒரு கம்பளிக் கையுறை பின்னி அனுப்புங்கள். நம் ஆட்டுக் கம்பளியே போதும். அலச வேண்டாம், நம் வீட்டு வாசனை போய்விடும். தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

மொராக்