வெள்ளைக் கால்சட்டையில் வந்த துரு நோய்

அனுப்புநர்:
வாய்க்கால் வடகரைக் கோதுமை விவசாயி
(தங்கள் அலுவலகத்தில் ‘ஓயாத ஆள்’ என்றால் தெரியும்)

பெறுநர்:
பயிர்ப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: கோதுமையில் மஞ்சள் துரு நோய் – தங்கள் ஆய்வாளரே அதை வயலுக்கு வயல் சுமந்தது – என் தங்கையின் வயலுக்கு உடனடியாக மருந்து கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்படி மதிப்பு தங்கள் நாற்காலிக்கு உரியது. மனு அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று தட்டச்சுக் கடைக்காரர் சொன்னதால் விட்டுவைத்திருக்கிறேன்.

1. சென்ற மாதம் இருபதாம் தேதி என் வயலில் இலைகள்மேல் மஞ்சள் கோடுகளைக் கண்டேன். தேய்த்தால் விரலில் பொடி ஒட்டியது. துரு நோய் என்று அன்றே தங்கள் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து நாள் கழித்து ஆய்வாளர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை. கல்யாணத்துக்குப் போகிறவர் வழியில் இறங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

2. அவரும் இலையைத் தேய்த்தார். ஒட்டிய பொடியைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, சத்துக் குறைவுதான், யூரியா போடுங்கள் என்றார். சத்துக் குறைந்த இலை மஞ்சளாகும், கையில் ஒட்டாது. துரு கண்ட பயிருக்கு யூரியா போடுவது நோய்க்கு விருந்து வைப்பது. படித்தவர் சொல்கிறாரே என்று நானும் போட்டேன். அந்த முட்டாள்தனத்தில் என் பங்கை மறுக்கவில்லை.

3. மாதிரிக்கென்று ஈர இலைகளைப் பிளாஸ்டிக் பையில் திணித்து, இறுக முடிச்சுப் போட்டு, வண்டியில் வெயிலில் வைத்தார். ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது அழுகிய கீரை. ‘மாதிரி கெட்டுவிட்டது, நோய் உறுதியாகவில்லை’ என்று பதில் வந்தது. நோய் உறுதியானால்தான் கிடங்கில் மருந்து தருவார்களாம். ஜன்னல் வழியே பார்த்தேன். மருந்து டப்பாக்கள் நலமாக இருக்கின்றன.

4. அன்று என் பயிருக்குள் நடந்து முடித்ததும், பக்கத்தில் வேறு வயல் இருந்தால் அதையும் பார்த்துவிட்டால் ஒரே பயணமாக முடியும் என்றார். வாய்க்காலுக்கு அப்பால் என் தங்கையின் வயல். கணவர் இறந்தபின் அவள் ஒற்றையாளாக நின்று விளைவிப்பது. ஒரு மஞ்சள் புள்ளி இல்லை. முழங்கால்வரை மஞ்சளான அதே கால்சட்டையோடு அதில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, ‘ஆரோக்கியமான பயிர்’ என்று எழுதிக்கொண்டு போனார்.

5. பதினைந்தாம் நாள் அங்கும் துரு வந்தது. அவர் நடந்த தடத்தில் மட்டும். எங்கே திரும்பினார், எங்கே நின்று போன் பேசினார் என்பதுகூட வரப்பிலிருந்து தெரிகிறது. காற்றில் வந்திருக்கும் என்று தாங்கள் பதில் எழுதுவீர்கள். காற்று போன் பேச நிற்காது, ஐயா.

6. தங்கை என்னைத் திட்டவில்லை. “அவரைக் கூட்டிட்டு வந்தது நீதானே அண்ணா” என்று மட்டும் கேட்டாள். உண்மைதான். வாய்க்கால்மேல் பலகை போட்டு, வழுக்கும் என்று அவர் கையைப் பிடித்துக் கடத்திவிட்டவன் நான். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தடம் நீங்கலாக அவள் வயல் இன்னும் பச்சையாகவே நிற்கிறது. கதிர் வெளிவர ஐந்து நாள் உள்ளது. அதற்குள் மருந்து அடித்தால் அவள் பிழைத்துக்கொள்வாள். ஆகவே கிடங்கைத் திறக்க இன்றே உத்தரவிட வேண்டுகிறேன். மறு ஆய்வுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். அனுப்பியே தீருவீர்கள் என்றால் அவர் என் கரையோடு நின்றுகொள்ளட்டும். பலகையை எடுத்துவிட்டேன்.

இடம்: வாய்க்கால் வடகரை
நாள்: 12ஆம் தேதி, காலை

இப்படிக்கு,
அவரைக் கூட்டி வந்த அண்ணன்
(கையொப்பம்)