உதிரிப் பழத்துக்கு ஒரு வயர்

நவம்பர் 4, 2009. புதன்

காலையிலிருந்து தூறல். சுருளிப்பட்டி பஸ்ஸில் ஒழுகல். குடை வாங்கணும்.

திராட்சைக் கொட்டகையில் சங்கத் தலைவர் முருகேசண்ணனிடம் சங்கக் கணக்குக்காகக் கம்ப்யூட்டரில் நான் செய்ததைக் காட்டினேன். எடை, தரம், பெட்டி, லாரி என்று 42 கட்டங்கள். கட்டத்தைக் கட்டத்தோடு வயர் மாதிரி ஒரு கோட்டால் இணைத்தால் கணக்கு தானே ஓடும். ஆனால் திரையில் ஒரு நேரத்துக்கு ஏழெட்டுக் கட்டம்தான் தெரிகிறது. நான் மௌஸை இழுக்க இழுக்க அவர் முகம் சுருங்கியது.

"யானைய சந்து வழியா காட்டுற மாதிரியில்ல இருக்கு. ஞாயித்துக்கெழமைக் கூட்டத்துல முழுசா ஒரே படமாக் காட்டுத்தா. இல்லேன்னா பொட்டியக் கட்டிரு, பழைய நோட்டே போதும்."

ஆறு மாத உழைப்பு.

நவ. 5. வியாழன்

கம்பம், பிரவுசிங் சென்டர். கட்டங்களைப் படமாகச் சேமிக்கும் ஆட்-ஆன், அதாவது ஒட்டு மென்பொருள், ஒன்று கிடைத்தது! ஆசை ஆசையாகப் போட்டுப் பார்த்தேன். திரையில் தெரிவதை மட்டும்தான் பிடிக்கிறது. இதற்குத்தானா இவ்வளவு பில்டப்?

கரண்ட் கட், இரண்டு மணி நேரம். வாழைக்காய் பஜ்ஜி 3.

நவ. 6. வெள்ளி

ஆட்-ஆனை நானே பிரித்து மேய்ந்தேன். முதலில் எல்லாக் கட்டங்களும் எதுவரை பரவியிருக்கின்றன என்று அளக்கணும். அந்த அளவுக்கு வெற்றுப் படம். அதில் மொத்தத்தையும் வரையணும்.

முதல் படம்: கட்டம் உண்டு, வயர் ஒன்றுகூட இல்லை. வயர் தனி அடுக்காம். காலை 11.40, வயரும் வந்தது. "வந்துருச்சு!" என்று கத்தினேன்.

அடுப்படியிலிருந்து அம்மா: "யாரு வந்தாக?"

நவ. 7. சனி

பென் டிரைவை பிளெக்ஸ் கடை செல்வத்திடம் கொடுத்தாயிற்று. பத்தடி அகலம். காலையில் அவனே கொட்டகையில் கட்டிவிடுவானாம். குடை மறந்துபோச்சு.

நவ. 8. ஞாயிறு

கடவுளே!

பென் டிரைவில் கிடந்த என் பாஸ்போர்ட் போட்டோவையும் எடுத்து பிளெக்ஸின் ஓரத்தில் வைத்திருக்கிறான் செல்வம். சுற்றி ரோஜாப்பூ. கும்பிடும் கை. 'வருக வருக'. நடுவில் என் 42 கட்டம். கேட்டால், "போட்டோ இல்லாம எவன்க்கா பிளெக்ஸ் அடிக்கிறான்?"

மானம் போச்சு என்று நின்றேன். ஆனால் யாருக்குக் கல்யாணம் என்று பார்க்க ஊரே வந்துவிட்டது. வழக்கமாகக் கூட்டத்துக்கு வருவது பன்னிரண்டு பேர்.

பழம் தரம் பிரிக்கும் பேச்சியம்மாக்கா ஒவ்வொரு வயராக விரலால் தடவிக்கொண்டே போனார். நின்றார்.

"ஏத்தா மதி, உதிரிப் பழத்தக் குப்பைக்கா விட்டிருக்க? அது ஜூஸ்காரருக்குல்ல போகும்!"

உண்மைதான். ஆறு மாதம் துண்டு துண்டாகப் பார்த்ததில் என் கண்ணிலேயே படவில்லை. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"பேச்சி தப்பே கண்டுபிடிச்சிருச்சுன்னா நம்ம எல்லாருக்கும் வெளங்கும்னுதான அர்த்தம்? பொட்டியக் கட்ட வேணாத்தா."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

பேச்சியம்மாக்காவே ஸ்கெட்ச் பேனா வாங்கி, ஓரத்தில் 'ஜூஸ்' என்று கட்டம் போட்டு வயரை இழுத்தார். வேறு இடமில்லை. என் மூக்கு வழியாகத்தான் போகிறது. போகட்டும்.